ஒன்பது முறை திறக்கப்பட்ட கடிதம்

"என் கடிதத்தை ஒன்பது முறை திறந்து பார்த்திருக்கிறீர்கள். பதில் எழுத மட்டும் நேரம் இல்லையா?"

ஒரு சனிக்கிழமை காலையில் தொலைபேசியில் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர், மொழிபெயர்ப்பு வேலைகளைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்து வாங்கும் ஒரு சிறிய அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். கேட்கப்பட்டவர், ஆறு ஆண்டுகளாக அவருக்கு மொழிபெயர்த்துத் தந்துவந்த ஒரு பெண்மணி. அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஒன்பது முறை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் கணக்குகளைப் பராமரிப்பவன் நான். அவருடைய கேள்விக்கு எழுத்தில் பதில் தரும் பொறுப்பு இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தது. தேடியதில் கிடைத்தவற்றை, இருவரின் ஒப்புதலோடு, பெயர்களை விலக்கி இங்கே எழுதுகிறேன்.

அந்த வாரம்

திங்கட்கிழமை காலை 10.12 மணிக்கு முதல் கடிதம் போனது. ஓர் அத்தியாயத்தில் சில பத்திகளைத் திருத்தித் தர வேண்டும், முடியுமா முடியாதா என்று வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். கடிதத்தில் மூன்று சுட்டிகள், அதாவது இணைய இணைப்புகள், இருந்தன. மூலக் கோப்புக்கு ஒன்று, சொற்பட்டியலுக்கு ஒன்று, கையொப்பத்தின் கீழ் அலுவலக இணையதளத்துக்கு ஒன்று.

பதில் வரவில்லை. வியாழன் மாலை இரண்டாவது கடிதம் போனது. நாளை நண்பகலுக்குள் பதில் இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் வேலை கைமாறியது. அடுத்த மூன்று மாதங்களுக்கான பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

சனிக்கிழமை அவரே அழைத்தார். தாயாரின் உடல்நிலை திடீரென மோசமாகி, ஞாயிறு இரவே வேறோர் ஊரில் உள்ள மருத்துவமனைக்கு ஓடியதாகவும், அன்று காலைதான் அஞ்சலைப் பார்க்க முடிந்ததாகவும் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் நம்பவில்லை. அவர் எதிரே இருந்த திரையில் அந்தக் கடிதத்துக்கு நேராக ஒன்பது திறப்புகள் பதிவாகியிருந்தன. அவற்றில் ஏழு, இதே ஊரில் ஒரு கைப்பேசியில் நடந்தவை என்று திரை சொன்னது. வெளியூரில் இருந்தேன் என்பவர் உள்ளூரிலேயே இருந்து ஏழு முறை படித்திருக்கிறார் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல் அச்சுக்குப் போகவேண்டிய நாளில், "உங்கள் மின்னஞ்சல் எனக்கு வரவே இல்லை" என்று ஒருவர் கைவிரித்துவிட்டார். வாடிக்கையாளர் முன் தலைகுனிந்து நின்றவர் இவர்தான். அந்த வாரமே உலாவியில் ஒரு கண்காணிப்பு நீட்சியை, அதாவது உலாவியோடு இணைத்துக்கொள்ளும் துணை நிரலை, பொருத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அனுப்பிய ஒவ்வொரு கடிதமும், அவர் அனுப்பும் பொத்தானை அழுத்திய அடுத்த நொடியிலிருந்து தன்னைப் பற்றித் தானே தகவல் அனுப்பத் தொடங்கியது. பெறுநர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கணக்குகளைப் பராமரிப்பவன் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு புள்ளிப் படம் செய்யும் வேலை

மின்னஞ்சலுக்குள் படங்களை இரண்டு விதமாக வைக்கலாம். படத்தையே உள்ளே ஒட்டி அனுப்பலாம். அல்லது "இந்த முகவரியில் உள்ள சர்வரில் படம் இருக்கிறது, எடுத்துக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் வைக்கலாம். கண்காணிப்பு இரண்டாவது வழியில்தான் நடக்கிறது. அகலம் ஒரு பிக்சல், உயரம் ஒரு பிக்சல், நிறமே இல்லாத படம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் படத்தின் முகவரி வேறு. எந்த முகவரியில் உள்ள படம் கேட்கப்பட்டதோ, அதற்குரிய கடிதம் திறக்கப்பட்டதாகச் சர்வர் குறித்துக்கொள்கிறது. கேட்ட நேரம், கேட்ட கருவியின் ஐபி முகவரி (அதன் இணைய இணைப்புக்கு உரிய எண்), அந்தக் கருவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெயர் ஆகியவையும் பதிவாகின்றன. ஐபி முகவரியை வைத்து ஊரை ஊகிக்கிறார்கள். ஒருமுறை இறக்கிய படத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளாதே என்ற கட்டளையும் படத்தோடு போகும். அதனால் அடுத்த முறை திறக்கும்போதும் படம் மறுபடி கேட்கப்படும், எண்ணிக்கை ஒன்று கூடும்.

சுட்டிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. சொற்பட்டியலுக்கான சுட்டி நேராகச் சொற்பட்டியலுக்குப் போகாது. முதலில் கண்காணிப்பு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே பதிவாகி, பிறகுதான் திருப்பி விடப்படும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இருப்பது "ஒரு படம் கேட்கப்பட்டது" என்ற செய்தி மட்டும்தான். யார் கேட்டார், மனிதரா இயந்திரமா, கண் அந்தத் திரையின் மேல் இருந்ததா என்ற எதுவும் அந்தப் பதிவில் இல்லை. திரையில் அதை "திறக்கப்பட்டது" என்று எழுதிக் காட்டுவது அந்த நீட்சியை விற்பவர்கள். அதை "படித்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டது எங்கள் அலுவலகம்.

ஒன்பதும் யாருடையவை

நீட்சியிலிருந்து முழுப் பதிவையும் இறக்கிக்கொண்டு, எங்கள் சர்வரின் பதிவேட்டோடு வைத்து வரிசையாகப் பார்த்தேன்.

எங்கள் சர்வர் கடிதத்தை அனுப்பியது 10.12.03 மணிக்கு. எதிர்ச் சர்வர் 250 என்ற எண்ணைத் திருப்பிச் சொல்லியிருந்தது. மின்னஞ்சல் நெறிமுறையில் அதற்கு "வாங்கிக்கொண்டேன்" என்று பொருள். இந்த விவகாரம் முழுவதிலும் ஐயமின்றிச் சொல்லக்கூடிய செய்தி இது ஒன்றுதான். பெறுநருடைய சர்வர் வரை கடிதம் போய்ச் சேர்ந்தது.

முதல் "திறப்பு" 10.12.09 மணிக்கு. கடிதம் சேர்ந்து ஆறே நொடிகள். அடுத்த நொடியில் மூன்று சுட்டிகளும் ஒரே நேரத்தில் சொடுக்கப்பட்டிருந்தன. கேட்டது ஒரு தரவு மையத்தின் ஐபி முகவரி. திரை அதைக் கடல் கடந்த ஒரு நாட்டின் பெயரோடு காட்டியது. மூன்று சுட்டிகளை ஒரே நொடியில் எந்தக் கையும் சொடுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் பகுதி நேரமாகக் கற்பிக்கும் நிறுவனம் அவருக்குக் கொடுத்த அஞ்சல் முகவரி அது. அத்தகைய நிறுவனங்கள் உள்ளே வரும் கடிதங்களை முதலில் ஒரு பாதுகாப்பு வாயிலில் நிறுத்திச் சோதிக்கின்றன; சுட்டிகள் ஏமாற்றுத் தளங்களுக்கு இட்டுச் செல்கின்றனவா என்று அந்த வாயில் தானே போய்ப் பார்க்கும். முதல் திறப்பு அந்தக் காவல் இயந்திரத்துடையது. அயல்நாடு என்று திரை காட்டியபோதே ஒருங்கிணைப்பாளர் நின்று யோசித்திருக்கலாம். "ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்" என்றார். தனக்கு ஏற்ற வரிகளை நம்பி, ஏற்காத வரியைக் கோளாறு என்று ஒதுக்கியதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்தியது.

ஏழாவது பதிவு புதன்கிழமை அதிகாலை 2.53 மணிக்கு. ஊர் இல்லை, கருவியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் "மொசில்லா 5.0". ஆப்பிள் கைப்பேசியின் மெயில் செயலி விட்டுச்செல்லும் பழகிய தடயம் இது. 2021 ஜூன் மாதம் அறிவித்து, அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 15 பதிப்போடு ஆப்பிள் வெளியிட்ட அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு இந்த வேலையைச் செய்கிறது. பயனர் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அதில் உள்ள படங்களைச் செயலி பின்னணியில் முன்கூட்டியே இறக்கிவிடும். அதுவும் இடைநிலைச் சர்வர்கள் வழியாக. அனுப்பியவருக்கு உண்மையான நேரமும் இடமும் தெரியக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு. மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். ஞாயிறு இரவு அணைந்துபோன கைப்பேசியை, செவ்வாய் நள்ளிரவுக்குப் பிறகு மருத்துவமனையில் ஓர் உறவினர் மின்னேற்றத்தில் போட்டிருக்கிறார். கைப்பேசி விழித்துக்கொண்டது, தேங்கிக் கிடந்த கடிதங்களை இழுத்துக்கொண்டது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மீதி ஏழு. திங்கள் மூன்று, செவ்வாய் இரண்டு, புதன் பகலில் இரண்டு. எல்லாம் இந்த ஊர், எல்லாம் கைப்பேசி. அவற்றில் இரண்டில் இருந்த ஐபி முகவரி எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் அலுவலகக் கம்பியில்லா இணைப்பின் முகவரி அது.

ஒருங்கிணைப்பாளரை அழைத்து, அந்த வாரம் தன் கைப்பேசியில் "அனுப்பியவை" பெட்டிக்குள் போய் இந்தக் கடிதத்தைத் திறந்தாரா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஆமாம், கடுமையாக எழுதிவிட்டேனோ என்று பார்த்தேன். அவர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று திரும்பத் திரும்பப் படித்தேன்" என்றார்.

அனுப்பியவருடைய பெட்டியில் இருக்கும் நகலிலும் அதே ஒரு புள்ளிப் படம் இருக்கிறது. அதை அவர் திறந்தாலும் படம் கேட்கப்படும். நீட்சி பொருத்தப்பட்ட கணினி உலாவியில் திறந்தால், "இது அனுப்பியவரே" என்று நீட்சி கண்டுகொண்டு எண்ணாமல் விட்டுவிடும். கைப்பேசியில் நீட்சி இல்லை. அவர் வைத்திருந்த செயலி படங்களை இடைநிலைச் சர்வர் எதுவும் இல்லாமல் நேராக இறக்கும் பழைய வகை. அவருடைய கவலை ஏழு முறை பதிவாகி, மொழிபெயர்ப்பாளரின் அலட்சியமாக அவர் திரைக்கே திரும்பி வந்தது.

இதை நான் வரைந்து காட்டியபோது அவர் முகம் போன போக்கை எழுத மாட்டேன். நீண்ட நேரம் கழித்து ஒன்று சொன்னார்: "இந்தத் திரை இல்லையென்றால் செவ்வாய்க்கிழமையே அவரை அழைத்திருப்பேன்." ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நாள் தவறாதவர் பதில் எழுதவில்லையே, என்ன ஆயிற்றோ என்ற எண்ணம் இயல்பாக வந்திருக்கும். "பார்த்துவிட்டார்" என்று திரை சொன்னதால் அந்த எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காலை மொழிபெயர்ப்பாளர் உண்மையிலேயே கடிதத்தைத் திறந்தாரே, அந்தப் பதிவு எங்கே என்று தேடினேன். இல்லை. தேக்கி வைக்காதே என்ற கட்டளையையும் மீறிப் படம் புதன்கிழமையே இறக்கி வைக்கப்பட்டுவிட்டதால் கைப்பேசி மறுபடி கேட்கவில்லை. அந்த வாரத்தில் பெறுநர் அந்தக் கடிதத்தைப் படித்த ஒரே தருணம் எங்கும் பதிவாகவில்லை.

என் ஊகத்தை நானே நம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒரு சோதனையும் செய்தேன். என் சர்வரில் ஒரு புள்ளிப் படங்கள் சிலவற்றை வைத்து, ஒரே கடிதத்தைப் பல பெட்டிகளுக்கு அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளரின் அனுமதியோடு அவருடைய நிறுவன முகவரிக்கும் ஒன்று. அங்கே சில நொடிகளிலேயே தரவு மையத்திலிருந்து படமும் சுட்டிகளும் கேட்கப்பட்டன. அவர் அதைத் திறக்கவே இல்லை என்று என்னிடம் உறுதி செய்தார். ஜிமெயில் பெட்டி ஒன்றில் திறந்தபோது, கேட்டது கூகுளின் படப் ப்ராக்ஸி, அதாவது இடைநிலைச் சர்வர். 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர்கள் வழியாகவே எடுத்துக் காட்டுகிறது, அதனால் பயனரின் ஐபி முகவரியும் ஊரும் வெளியே போவதில்லை. படங்களைத் தடுத்து வைத்திருந்த என் பழைய கணக்கில் கடிதத்தை நான்கு முறை முழுமையாகப் படித்தேன். பதிவு பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் எனக்கு வேறொருவரை நினைவூட்டியது. அதே அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் ஒரு முதியவர். அவருக்கு அனுப்பிய ஒரு கடிதத்தைக்கூட அவர் திறந்ததே இல்லை என்று பதினான்கு மாதங்களாகத் திரை சொல்லிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதங்களாக அவர் கடிதத்துக்குக் கடிதம் பதில் எழுதி, வேலையை நாள் தவறாமல் முடித்துத் தந்துகொண்டும் இருந்தார். அவர் அஞ்சலை வெறும் எழுத்தாக மட்டும் படிப்பவர், படங்களை இறக்குவதே இல்லை. இந்த முரண் ஒருங்கிணைப்பாளரின் கண்ணில் தினமும் பட்டிருக்கிறது. கருவி பிழை செய்கிறது என்பதற்கான சான்று, இன்னொருவரை அது தண்டிப்பதற்கு வெகுநாள் முன்பே அதே திரையில் இருந்தது.

இரண்டாவது கடிதமும் ரசீதும்

வியாழக்கிழமை அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தில் அவர் "படித்ததற்கான ரசீது" ஒன்றையும் கோரியிருந்தார். இது ஒரு புள்ளிப் படம் போன்ற ஒளிவுமறைவு அல்ல. கடிதத்தின் தலைப்பகுதியில் "திறந்ததும் இந்த முகவரிக்குத் தெரிவிக்கவும்" என்ற வேண்டுகோள் வெளிப்படையாகப் போகிறது. இந்த ரசீதுக்கு என்றே ஓர் இணையத் தர ஆவணம் உண்டு: 1998இல் முதல் வடிவம், 2004இல் திருத்தம், இப்போது நடப்பில் உள்ளது 2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8098. ரசீது அனுப்பும் முன் பயனரின் ஒப்புதலைப் பெறும்படி அது வலுவாகப் பரிந்துரைக்கிறது. மறுக்கவும் பயனருக்கு உரிமை உண்டு. பல செயலிகள் இந்த வேண்டுகோளைக் கண்டுகொள்வதே இல்லை. ஜிமெயிலில் இந்த வசதி நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் வழங்கும் கணக்குகளுக்கு மட்டும்தான். தனிநபர் கணக்குகளுக்குக் கிடையாது.

அந்த ஆவணத்தை எழுதியவர்களின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். "காட்டப்பட்டது" என்ற நிலைக்கு அவர்கள் தரும் விளக்கம் இப்படிப் போகிறது: பெறுநரின் பெட்டியைப் பார்க்கும் யாரோ ஒருவருக்குக் கடிதம் காட்டப்பட்டது, உள்ளடக்கம் படிக்கப்பட்டது என்பதற்கோ புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கோ உத்தரவாதம் இல்லை. அந்த "யாரோ ஒருவர்" என்ற சொல்லை எங்கள் திரையை வடிவமைத்தவர்கள் ஒருமுறையாவது படித்திருக்கலாம்.

எங்கள் இரண்டாவது கடிதத்துக்கான ரசீது வெள்ளியும் வரவில்லை, சனியும் வரவில்லை. அதை ஒருங்கிணைப்பாளர், "வேண்டுமென்றே மறுத்திருக்கிறார்" என்று எடுத்துக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து, ஆய்வெல்லாம் முடிந்த பிறகு, அந்த ரசீது வந்து விழுந்தது: "உங்கள் கடிதம் படிக்கப்படாமலேயே நீக்கப்பட்டது." மொழிபெயர்ப்பாளர் பெட்டியைச் சுத்தம் செய்திருக்கிறார். முதல் கடிதத்தைப் பார்த்த உடனேயே அவர் தொலைபேசியில் அழைத்துவிட்டதால், அந்த எச்சரிக்கையைத் திறக்க அவருக்கு அவசியமே வரவில்லை. ரசீது பொய் சொல்லவில்லை. ஆனால் வெறுமனே அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருப்பவர், தன் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பாராமல் ஒருவர் தூக்கி எறிந்துவிட்டார் என்றுதான் எண்ணுவார்.

கேட்காமல் பார்ப்பது

கணக்குத் தீர்ந்ததும் என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அறிக்கையை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினேன். அவர் அழைத்தார். ஏழு திறப்புகள் யாருடையவை என்பதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "இரண்டு ஆண்டுகளாக நான் எப்போது படிக்கிறேன், எந்த ஊரிலிருந்து படிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் இரவு இரண்டு மணிக்குப் படித்துவிட்டுக் காலையில் பதில் எழுதிய நாட்கள் உண்டு. அதையெல்லாம் அவர் என்னவென்று நினைத்திருப்பார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வேலை போனதைவிட இது அவரை ஆழமாகக் காயப்படுத்தியிருந்தது. பதிவுகள் துல்லியமாகவே இருந்திருந்தாலும் அந்தக் காயம் இருந்திருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தப் புண் புதியதல்ல. 2006 பிப்ரவரியிலேயே, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அடங்கிய 29ஆம் பிரிவுப் பணிக்குழு, பெறுநருக்குத் தெரியாமல் கடிதம் திறக்கப்பட்டதைக் கண்காணிக்கும் சேவைகளை மிகக் கடுமையாக எதிர்ப்பதாக எழுத்தில் பதிவு செய்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் இயக்குநர் குழுச் செய்திகள் வெளியே கசிந்தபோது, அதற்காக அமர்த்தப்பட்ட புலனாய்வாளர்கள், உள்ளே இருந்து துப்புக் கொடுப்பவர்போல் நடித்து, ஒரு செய்தியாளருக்குத் தடம் காட்டும் இணைப்புக் கோப்போடு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர் அதைத் தன் மூலத்துக்கு அனுப்புவார், ஆளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. செப்டம்பரில் இவையெல்லாம் வெளிவந்தன, நாடாளுமன்ற விசாரணையும் நடந்தது. அதே மாதம் இயக்குநர் குழுத் தலைவர் பதவி விலகினார்.

எங்கள் நிகழ்வுக்கு மிக நெருக்கமானது 2019இல் நடந்தது. சூப்பர்ஹியூமன் என்ற கட்டண மின்னஞ்சல் செயலி, பெறுநர் எப்போது, எத்தனை முறை, ஏறத்தாழ எந்த இடத்தில் கடிதத்தைத் திறந்தார் என்பதை அனுப்பியவருக்குக் காட்டியது. அந்த வசதி இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தது. வடிவமைப்பாளர் மைக் டேவிட்சன் ஜூன் 30 அன்று இதைக் கண்டித்து விரிவாக எழுதினார். மூன்றே நாளில், ஜூலை 3 அன்று, நிறுவனர் ராகுல் வோரா இடத் தகவலை நீக்குவதாகவும், ஏற்கெனவே சேர்த்த இடப் பதிவுகளை அழிப்பதாகவும், திறப்புத் தகவலை இயல்பு நிலையில் நிறுத்தி வைப்பதாகவும் அறிவித்தார். வேண்டியவர்கள் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம் என்பது மட்டும் மாறவில்லை. அப்போதும் பெறுநரிடம் யாரும் கேட்கப்போவதில்லை என்று டேவிட்சன் திருப்தியடையவில்லை. என் மனமும் அவர் பக்கம்தான்.

வாட்ஸப்பில் நீலக் குறி இருக்கிறதே, அதற்கு மட்டும் எல்லாரும் பழகிவிடவில்லையா என்று ஒருங்கிணைப்பாளர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்விதான். 2014 நவம்பரில் நீலக் குறி வந்தபோது எழுந்த எதிர்ப்பில், அதே மாதமே அதை அணைக்கும் வசதியைத் தர வேண்டியதாயிற்று. அங்கே குறி இருப்பது இரு தரப்புக்கும் தெரியும். நான் அணைத்தால் மற்றவர் என் செய்தியைப் படித்தாரா என்பது எனக்கும் தெரியாமல் போகும். மின்னஞ்சலில் ஒட்டிய ஒரு புள்ளிக்கு இந்தச் சமநிலை இல்லை. ஒருவர் பார்க்கிறார், மற்றவருக்குத் தான் பார்க்கப்படுவதே தெரியாது.

மூன்றாவது ஆளும் இருக்கிறார். நீட்சியை நடத்தும் நிறுவனத்தின் சர்வரில்தான் எல்லாப் பதிவுகளும் கிடந்தன. எங்களோடு வேலை செய்யும் ஒவ்வொருவருடைய மின்னஞ்சல் முகவரியும், அவர் எந்தெந்த நேரம் விழித்திருக்கிறார் என்ற தோராயக் கோலமும், அவர்கள் கேள்விப்பட்டிராத ஓர் இடத்தில் சேர்ந்திருந்தன. விளம்பரக் கடிதங்களின் உலகில் இது இன்னும் பெரிதாக நடக்கிறது. 2018இல் வெளியான பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை, தாங்கள் சோதித்த அஞ்சல் பட்டியல் கடிதங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு, திறந்த மாத்திரத்தில் பெறுநரின் முகவரியை மூன்றாம் தரப்புக்குக் கசியவிட்டதைக் காட்டியது.

இப்போது

நீட்சி நீக்கப்பட்டது. அலுவலகக் கணக்கை மூடி, பதிவுகளை அழிக்கும்படி அந்த நிறுவனத்துக்கு எழுதினோம். கடிதம் சேரவில்லை என்ற பழைய பயத்துக்கு எங்கள் சர்வரின் பதிவேடே போதும் என்று ஒருங்கிணைப்பாளருக்குக் காட்டிக்கொடுத்தேன். 250 என்று பதில் வந்திருந்தால் கடிதம் வாசல் வரை போயிருக்கிறது. ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்ததா என்பதை அதுவும் சொல்லாது. அதற்கு அப்பால் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேட்கத்தான் வேண்டும். நாள் குறித்த ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: "கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். புதன் மாலைக்குள் வராவிட்டால் தொலைபேசியில் அழைப்பேன்."

மூன்று மாதப் பட்டியலில் அந்தப் பெண்மணியின் பெயர் மறுபடி சேர்க்கப்பட்டது. அவர் ஏற்பாரா என்பது வேறு விஷயம்.

பிறகு, நான் வற்புறுத்தியதன் பேரில், இரண்டு ஆண்டுகளாகக் கண்காணிக்கப்பட்ட அனைவருக்கும் ஒரு கடிதம் போனது. என்ன செய்தோம், எதையெல்லாம் பார்த்தோம், எதை நிறுத்தினோம் என்று மூன்று பத்திகள். ஒருங்கிணைப்பாளர் அதைத் தன் பெயரிலேயே எழுதினார். அலுவலகத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. சிலர் கோபமாகப் பதில் எழுதினார்கள். சிலர் பொருட்படுத்தவில்லை. மெய்ப்புப் பார்க்கும் முதியவர், மூன்றாம் பத்தியில் இருந்த இரண்டு ஒற்றுப் பிழைகளைச் சுட்டிக்காட்டி, தெரியப்படுத்தியதற்கு நன்றி என்று முடித்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் படித்தாரா என்று பார்ப்பதற்கு இப்போது திரை எதுவும் இல்லை. புதன்கிழமை மாலை ஒருங்கிணைப்பாளர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். முதலில் தாயாரின் உடல்நிலையைக் கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.